பிறப்பேடும் இறப்பேடும் பேசிக்கொண்டபோது

அரசாங்கக் காகிதத்தோடு முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அதில் எட்டு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கழிந்தது. புதுச்சேரியில் எங்கள் வயசுக்காரர்கள் அந்தப் பிரிவை இன்றைக்கும் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார்கள். பிறப்புக்கு ஒரு பதிவேடு, இறப்புக்கு ஒரு பதிவேடு. இரண்டுக்கும் தனித்தனி இரும்பு பீரோ. சாவிகூட வேறு வேறு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஒரு வயசான அம்மா கையில் துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். பேரப்பிள்ளை இறந்துவிட்டது, பதியவேண்டும் என்றார். வயது ஒன்றே கால். வீட்டிலேயே இறந்த குழந்தை.

"என்னம்மா ஆச்சு?"

"காய்ச்சல்தான் ஐயா. வந்தா நிக்கவே நிக்காது. பேதி வேற. எலும்பும் தோலுமா ஆயிடுச்சி."

காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். எழுதும்போது தகப்பன் பெயர் எங்கோ பார்த்தது போல இருந்தது. லாரி ஓட்டுனர். நாலைந்து மாதம் முன்னால் அவருடைய இறப்பையும் நான்தான் பதிந்திருந்தேன். குழந்தையின் பிறப்பையும் நான்தான் பதிந்திருந்தேன். மூன்றும் என் கையெழுத்து. அடுத்த வருஷம் அந்தக் குழந்தையின் தாயார் பெயரும் வந்தது. காரணம், மறுபடியும் 'காய்ச்சல்'.

அக்கம்பக்கத்தில் என்ன முணுமுணுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. பரிசோதனைச் சீட்டு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பீரோவிலும் இருந்த விவரத்தை யாராவது ஒரே நூலில் கட்டியிருந்தால், அந்தத் தாய்க்கு என்ன நோய், என்ன மருந்து கிடைத்தது, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரியிலாவது தெரிந்திருக்கும். எங்கள் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசியதே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டும் பழக்கம் திரும்ப வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவனுக்கு அது ஒரு வசதி. அப்போதுதான் தெரிந்தது, நான் என் மேஜையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பாரிஸில் சிலர் அந்த இரண்டு ஏடுகளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. பதிவேடு தெரியும். அந்தக் கண்ணோடு படித்ததை எழுதுகிறேன்.

பதினெட்டு மாதம் காத்திருந்தவர்கள்

எய்ட்ஸ் நோயின் முதல் செய்தி 1981-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோந்தாஞியே குழுவினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2008-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது 1986-ல், நமக்குப் பக்கத்தில் சென்னையில். கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும்.

நோய் கர்ப்பிணிகளுக்கும் வந்தது. பிறக்கும் குழந்தைக்கு வருமா, வராதா? எத்தனை குழந்தைக்கு வரும்? யாருக்கும் தெரியாது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்விடும். அதனால் பிறந்த உடனே சோதித்தால் எல்லாக் குழந்தைக்கும் நோய் இருப்பதாகவே காட்டும். தாயிடமிருந்து வந்தது மறைய ஒன்றேகால், ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குப் பிறகும் இருந்தால்தான் குழந்தைக்கே நோய் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இருந்த சோதனை அவ்வளவுதான்.

ஆகவே பிரெஞ்சு மருத்துவர்கள் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. 1980-களின் நடுவில் தொடங்கி, நோயுள்ள தாய்க்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் பெயர் எழுதிக்கொண்டு, தொடர்ந்து பார்த்து, பதினெட்டு மாதம் காத்திருந்தார்கள். இப்படிப் பின்தொடரும் கூட்டத்துக்கு 'கோஹார்ட்' என்று பெயர். ரோமானியப் படையில் ஒரு பிரிவின் பெயர் அது. ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக நடந்து போகிறவர்கள். நடுவில் விழுந்தவர் யார், கரை சேர்ந்தவர் யார் என்று கணக்குச் சொல்லவேண்டும்.

இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அவதானிப்பு ஆய்வு. யாருக்கு என்ன மருந்து என்று ஆய்வாளர் தீர்மானிப்பதில்லை. நடப்பதை அப்படியே எழுதுகிறார். 1989-ல், பாரிஸ் நெக்கேர் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்தெஃபான் பிளான்ஷும் மற்றவர்களும் கணக்கை வெளியிட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கப்பட்ட 117 குழந்தைகளில் 32 பேருக்கு நோய். ஏறக்குறைய நாலில் ஒன்று.

நாலில் ஒன்று என்பது பயங்கரமான எண்தான். ஆனால் இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு. நாலில் மூன்று குழந்தைகள் எந்த மருந்தும் இல்லாமலே தப்பிவிடுகின்றன. எல்லாக் குழந்தையும் செத்துப்போகும் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பதிவேடு மறுத்துச் சொன்னது.

பரீட்சையும் சர்வீஸ் புத்தகமும்

அடுத்த கட்டம் மருந்து. 1987-ல் ஏ.இஸட்.டி. என்ற ஸிடோவுடின் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கர்ப்பிணிக்குக் கொடுத்தால் குழந்தை தப்புமா என்று பார்க்க 1991-ல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஒரு சோதனை தொடங்கின. '076' என்று அதற்கு எண். பாதிப் பெண்களுக்கு உண்மை மருந்து, பாதிப் பெண்களுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறை. கர்ப்பத்தில் மாத்திரை, பிரசவ வலியின்போது ஊசி, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து.

1994 பிப்ரவரியில் இடைக்கணக்கு பார்த்தவர்கள் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களின் குழந்தைகளில் 25.5 சதவீதத்துக்கு நோய். மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் 8.3 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. இனி ஒரு பெண்ணுக்கும் வெறும் மாத்திரை கொடுப்பது பாவம் என்று முடிவாயிற்று. அந்த வருஷமே மருந்து எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள்.

நம் ஊர் லாரி ஓட்டுனரின் குழந்தை பிறந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். அந்த மருந்தின் பெயரை எங்கள் தெருவில் அப்போது ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். குலுக்கல் சோதனை என்பது பரீட்சை மாதிரி. யார் தேறினார்கள் என்று தெளிவாகச் சொல்லும். அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பரீட்சையில் தேறி வேலைக்கு வந்தவர் முப்பது வருஷம் எப்படி உழைத்தார், எங்கே சறுக்கினார் என்பதை அவருடைய சர்வீஸ் புத்தகம்தான் சொல்லும். 076 சோதனையில் பிறந்தவை நானூற்றுச் சொச்சம் குழந்தைகள். ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வரும் ஒரு கெடுதல் அதில் கண்ணில் படாமலே போய்விடலாம். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் குழந்தைகள் வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் சோதனை முடிந்த பிறகும் பதிவேட்டை மூடவில்லை. மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளையும் அதே ஏட்டில் தொடர்ந்து எழுதினார்கள்.

எட்டுக் குழந்தைகள்

1999-ல் 'லான்செட்' இதழில் பிளான்ஷ் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,754 தாய்-சேய் பதிவுகளில் எட்டுக் குழந்தைகளைப் பற்றியது. எட்டுப் பேருக்கும் எச்.ஐ.வி. இல்லை. மருந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்த குழந்தைகள். ஆனால் அவர்களுடைய உடம்பில் மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யவில்லை. மைட்டோகாண்ட்ரியா என்பது ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் சக்திக்கூடம். ஐந்து பேருக்கு நரம்புக் கோளாறு வெளியே தெரிந்தது. அந்த ஐந்தில் இருவர் இறந்துபோனார்கள். நாலு பேர் ஏ.இஸட்.டி. மட்டும் பெற்றவர்கள். மற்ற நாலு பேர் அதோடு லாமிவுடின் என்ற மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள்.

இதை வெளியிட்டவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்த மருந்தைக் கொண்டுவந்ததில் பிரான்சுக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லட்சக்கணக்கான தாய்மார்கள் அந்த மருந்துக்காகக் காத்திருந்த நேரம். இப்போது போய், இது குழந்தைக்குக் கெடுதல் செய்யலாம் என்று சொன்னால் அரசாங்கங்கள் அதையே சாக்காக வைத்து மருந்தை மறுத்துவிடலாம். சொல்லாமல் விட்டால், ஏட்டில் எழுதியதை மறைத்த குற்றம். சொன்னார்கள். சொல்லும்போதே மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, குழந்தைகளைக் கவனியுங்கள் என்றார்கள்.

அமெரிக்காவில் உடனே தங்கள் பதிவுகளைப் புரட்டினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். நிகழ்ந்த மரணங்களில் இந்தக் காரணத்தால் ஒன்றும் இல்லை என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஏட்டை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 2003-ல் வந்த கணக்கில், இந்தக் கோளாறு உறுதியான குழந்தைகள் 12 பேர். அத்தனை பேரும் மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகள். மருந்து பெறாத பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. மருந்து பெற்ற பக்கத்தில் பதினெட்டு மாதத்துக்குள் 0.26 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று.

ஒரு தட்டில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று. இன்னொரு தட்டில் மருந்தில்லாமல் நோய் தொற்றும் ஆயிரத்துக்கு 250. எந்தத் தட்டு கனம் என்று பார்க்க மருத்துவராக இருக்கத் தேவையில்லை. ஆனால் முதல் தட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாமல், இருப்பதை எடை போட்டுக் காட்டினார்கள் பாருங்கள், அதற்காகத்தான் அவர்களை நான் மதிக்கிறேன்.

அதே ஏடு பிற்பாடு ஒரு நல்ல சேதியும் சொன்னது. 2000-லிருந்து 2011 வரையிலான 8,075 தாய்-சேய் பதிவுகளை லோரான் மாந்தெல்புரோ குழுவினர் 2015-ல் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் நோய் தொற்றியது 0.7 சதவீதம். அதிலும், கருத்தரிக்கும் முன்பே சிகிச்சை தொடங்கி, இடைவிடாமல் எடுத்து, பிரசவத்தின்போது ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகள் 2,651 பேர். அவர்களில் நோய் தொற்றியவர் எத்தனை பேர்? பூஜ்யம். நாலில் ஒன்று என்று தொடங்கிய ஏட்டில், முப்பது வருஷம் கழித்து ஒரு பூஜ்யத்தை எழுத முடிந்தது.

போட்ஸ்வானாவின் பிரசவ அறைகள்

பிரான்ஸ் பணக்கார நாடு. நோயுள்ள தாய்மார்களில் பெரும்பாலோர் இருந்தது ஆப்பிரிக்காவில். அங்கே இப்படி ஒரு ஏடு போட முடியுமா? முடியும் என்று காட்டியது தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே உள்ள போட்ஸ்வானா. இருபது லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனத்தொகை கொண்ட சிறிய தேசம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் 2002-லேயே இலவச சிகிச்சை தொடங்கிய நாடு.

2014-ல் அங்கே 'ட்ஸெபாமோ' என்ற அவதானிப்பு ஆய்வு எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. முறை மிக எளிது. பிரசவம் பார்க்கும் தாதிமார், உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், ஒவ்வொரு குழந்தையையும் தலை முதல் கால் வரை பார்த்து எழுதுவார்கள். தாய் கையோடு கொண்டுவரும் கர்ப்பகால அட்டையிலிருந்து, என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கினார் என்பதைச் சேர்ப்பார்கள். குறை ஏதாவது தெரிந்தால் தாயின் சம்மதத்தோடு படம் எடுத்து நிபுணருக்கு அனுப்புவார்கள். தாய் என்ன மருந்து எடுத்தார் என்பது நிபுணருக்குத் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமே!

நோயில்லாத தாய்மார்களின் குழந்தைகளையும் அதே ஏட்டில் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும்.

2016-ல் போட்ஸ்வானா 'டோலுடெக்ராவிர்' என்ற புதிய மருந்துக்கு மாறியது. பழைய 'எஃபாவிரென்ஸ்' மருந்தைவிட வேகமாக வைரஸை அடக்கும், தலைசுற்றல் போன்ற தொல்லைகளும் குறைவு. உலகமே அதற்கு மாறத் தயாராக இருந்த நேரத்தில், 2018 மே மாதம் அந்த ஏட்டிலிருந்து ஒரு வெடி. கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த 426 தாய்மார்களின் குழந்தைகளில் நாலு பேருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு. அதாவது மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் சரியாக மூடாமல் போவது. அந்தக் குழாய் கருத்தரித்த நாலு வாரத்துக்குள் மூடிவிடவேண்டும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. மற்ற மருந்து எடுத்த தாய்மார்களிடம் இது ஆயிரத்துக்கு ஒன்று. இங்கே ஆயிரத்துக்கு ஒன்பது.

உலக சுகாதார நிறுவனம் உடனே எச்சரித்தது. சில நாடுகள் அதற்கும் மேலே போய், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் எவருக்கும் புதிய மருந்து இல்லை என்று கதவை மூடின. ஆண்களுக்கு நல்ல மருந்து, பெண்களுக்குப் பழைய மருந்து! அந்த வருஷம் ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரத்தில், நோயோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் பல நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். விவரத்தை எங்களிடம் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம், ஒட்டுமொத்தமாக எங்களைத் தள்ளிவைக்காதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயம்தானே!

போட்ஸ்வானாவில் என்ன செய்தார்கள்? ஏட்டை மூடவில்லை. எட்டு மருத்துவமனையைப் பதினெட்டாக்கினார்கள். எண்ணிக்கொண்டே போனார்கள். 2018 ஜூலையில் 596-க்கு நாலு. 2019-ல் 1,683-க்கு ஐந்து. 2020-ல் 3,591-க்கு ஏழு. 2022-ல் வந்த கணக்கில் 9,460-க்குப் பத்து. ஆயிரத்துக்கு ஒன்று. மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்காது. நானே ஒரு கழித்தல் போட்டுப் பார்த்தேன். முதல் 426-ல் நாலு. அதற்குப் பிறகு வந்த 9,034-ல் ஆறுதான். முதலில் வந்த நாலும் தற்செயலாக ஒரே பக்கத்தில் விழுந்த எழுத்துகள். 2019 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்தைப் பெண்கள் உள்பட எல்லோருக்கும் பரிந்துரைத்துவிட்டது. இருந்தாலும் நடுவில் போன அந்த ஒரு வருஷம், எத்தனையோ பெண்களுக்குக் கதவு மூடியே இருந்தது.

அப்படியானால் 2018-ல் அவர்கள் வாய் திறந்தது தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. பிரெஞ்சு ஏட்டில் எட்டுக் குழந்தைகளைப் பார்த்தபோது அது உண்மையாக இருந்தது. போட்ஸ்வானா ஏட்டில் நாலு குழந்தைகளைப் பார்த்தபோது அது நிழலாகப் போயிற்று. பார்த்த அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். எது உண்மை, எது நிழல் என்பதைச் சொன்னது, அதற்குப் பிறகு விடாமல் எழுதப்பட்ட பக்கங்கள். அவசரப்பட்டுக் கதவைச் சாத்தியவர்கள் ஏட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏடு 'பார்த்துக்கொண்டிருங்கள்' என்றது. அவர்கள் அதை 'கொடுக்காதீர்கள்' என்று படித்துவிட்டார்கள்.

என் கட்டம்

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. முதலில் தேதி, பிறகு இடம், பிறகு நடந்தது. உன் அபிப்பிராயம் கடைசியில், அதுவும் கேட்டால் மட்டும் என்பார். பதிவேட்டு வேலைக்குப் போனபோது அதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஆனாலும், எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எழுதியதை யாராவது திரும்பப் படிக்கவேண்டும், பக்கத்து பீரோவில் இருப்பதோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்று அன்று தோன்றவில்லை. ஒரு குமாஸ்தாவால் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். சட்டமும் இல்லை, அதிகாரமும் இல்லை, மருந்தும் இல்லை. இருந்தாலும் மூன்று வருஷத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று 'காய்ச்சல்' என்று மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கு நம் நாட்டிலும் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இலவசம், மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காக எடுக்கும் தாயின் குழந்தைக்கு நோய் வருவது அபூர்வமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்ணோ மருமகளோ கர்ப்பமாக இருக்கும்போது தாதி வந்து அட்டையை வாங்கிப் பத்துக் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். எந்த மருந்து, எந்தத் தேதி என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பாரிஸிலும் போட்ஸ்வானாவிலும் ஆயிரமாயிரம் தாய்மார்கள் அப்படிச் சொன்னதால்தான் இந்தக் கணக்கு வந்தது.

அந்த வயசான அம்மா மருமகளின் இறப்பையும் பதிந்துவிட்டுப் போகும்போது, சான்றிதழ்க் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இதுல என்ன போட்டிருக்கு ஐயா?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "காய்ச்சலா... சரி" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.